கதிர்வீச்சுப் பாதுகாப்பு: நாங்கள் பயிலும் பாடம், உங்கள் வீட்டுக்கும் ஒரு பாடம்

திருவண்ணாமலையிலிருந்து மறுபரிசோதனைக்கு வந்திருந்த ஒரு மூதாட்டியின் மகள், வெளிநோயாளர் பிரிவில் எங்களை ஒதுக்குப்புறமாக அழைத்து மெல்லிய குரலில் ஒன்று கேட்டார்: “தம்பி, கரண்டு வைத்து நாற்பது நாள் ஆகிவிட்டது. அம்மா எப்போது பேரனைத் தூக்கலாம்?”

அம்மூதாட்டி கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சையை முழுமையாக முடித்தவர். சிகிச்சை தொடங்கிய நாள் முதல் அவருக்கு வீட்டில் தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டு வயதுப் பேரனை அவர் அருகில் விடவில்லை. யாரும் வெறுப்பினால் அவ்வாறு செய்யவில்லை. குழந்தைக்குக் ‘கதிர் தொற்றிவிடும்’ என்ற அச்சமே காரணம். மூதாட்டியும் அதை மறுத்துப் பேசவில்லை. தம்மால் குழந்தைக்குக் கேடு வந்துவிடக் கூடாது என்று தாமே விலகி இருந்திருக்கிறார்.

கேள்விக்குரிய விடை சிறியது. அன்றே தூக்கலாம், சிகிச்சையின் முதல் நாளிலும் தூக்கியிருக்கலாம். அதைச் சொன்னபோது மகளின் கண்கள் கலங்கின. எங்களுக்கோ வெட்கமாக இருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களாகிய நாங்கள், பாதுகாப்புப் பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். அப்பாடத்தில் ஒரு பகுதி நோயாளியின் வீட்டுக்குச் சேரவேண்டியது என்பதை அன்றுவரை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. திருவண்ணாமலை, செங்கம், போளூர், கலசபாக்கம் என எவ்வூரிலிருந்து வருவோர்க்கும் பயன்படும் என்று கருதி, நாங்கள் கற்றவற்றுள் உங்களுக்கு வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

கதிர் படுவது வேறு, கதிர்ப்பொருள் ஒட்டுவது வேறு

பாதுகாப்புப் பாடத்தின் முதல் வகுப்பில் கற்பிக்கப்படும் வேறுபாடு இது. இதனைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அண்ணாமலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அதன் ஒளி கிரிவலப் பாதையில் நிற்போர் அனைவர் மேலும் விழுகிறது. வீடு திரும்பியபின் அவர்கள் உடலிலிருந்து ஒளி வீசுவதில்லை. அவர்களைத் தொட்டவருக்கும் ஒளி ஒட்டுவதில்லை. ஒளி வந்தது, பட்டது, போயிற்று. ஆனால் தீபக் கொப்பரையில் சேர்ந்த மையைப் பின்னாளில் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொண்டால், அது துடைக்கும்வரை அங்கேயே இருக்கும்; விரல் பட்டால் விரலிலும் ஒட்டும். மை புனிதமானது. ஒட்டும் தன்மையை விளக்குவதற்காக மட்டுமே அதனை இங்கே உவமையாகக் கொள்கிறோம்.

வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை முதல் வகையைச் சேர்ந்தது. ‘லினாக்’ எனப்படும் நேரியல் முடுக்கி மின்சாரத்தால் இயங்குவது. பொத்தானை நிறுத்திய நொடியில் கதிரும் நின்றுவிடும். கோபால்ட் கருவியில் கதிர்ப்பொருள் எப்போதும் இருக்கிறது. எனினும் அது தடித்த உலோகக் கவசத்துக்குள் மூடப்பட்டிருக்கிறது. சிகிச்சை நேரத்தில் வெளியே வருவது கதிர்க்கற்றை மட்டுமே. பொருள் உங்களைத் தொடுவதே இல்லை. எனவே சிகிச்சை அறையிலிருந்து வெளியே வரும் நோயாளியின் உடலிலோ உடையிலோ வியர்வையிலோ கதிர்வீச்சு இராது.

இரண்டாம் வகை எத்தகையது என்பதை உலகம் கசப்பான பாடமாகக் கற்றிருக்கிறது. 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்த பழைய கருவியை இருவர் எடுத்துச் சென்று பிரித்தனர். அதனுள் சீசியம்-137 என்னும் கதிர்ப்பொருள் இருந்தது. இருளில் நீலமாக ஒளிர்ந்த அத்தூளை மக்கள் வியந்து கையில் எடுத்தனர், உறவினர்க்கும் பங்கிட்டனர். நால்வர் இறந்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தபோது 249 பேரிடம் கதிர்ப்பொருள் மாசு கண்டறியப்பட்டது. நம் நாட்டிலும் 2010 ஏப்ரலில், தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்கு ஓர் ஆய்வகக் கருவி ஏலத்தில் வந்து சேர்ந்தது. அதிலிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் உயிரிழந்தார். மேலும் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

இந்நிகழ்வுகளைப் படிக்கும்போது நாங்கள் ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்கப்படுத்தப்படுகிறோம்: “மூலம் எங்கே இருக்கிறது?” கதிரை வெளியிடும் பொருளையே மூலம் என்கிறோம். கோயானியாவில் மூலம் மக்களின் கைகளில் இருந்தது. வெளிக்கதிர்ச் சிகிச்சையில் மூலம் கருவிக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அது வருவதில்லை.

நேரம், தொலைவு, தடுப்பு

கதிரிலிருந்து பணியாளரைக் காக்க மூன்று வழிகள் உள்ளன. கதிருக்கு அருகில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்று. தொலைவைக் கூட்டுவது மற்றொன்று. இடையில் தடுப்பு வைப்பது மூன்றாவது.

தொலைவின் வலிமையைப் பலர் அறிவதில்லை. தொலைவு இரு மடங்கானால் கதிரின் அளவு பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். மலையுச்சியில் கொப்பரை அருகே நிற்பவர் முகத்தில் அனல் அடிக்கிறது. செங்கம் சாலையில் நின்று வணங்குவோர்க்கு அந்த அனலில் எள்ளளவும் தெரிவதில்லை.

தடுப்பின் கணக்கும் அத்தகையதே. 6 மெகாவோல்ட் ஆற்றலுள்ள முடுக்கியின் கதிரை, ஏறத்தாழ 35 செ.மீ. கான்கிரீட் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மேலும் 35 செ.மீ. சேர்த்தால் நூறில் ஒரு பங்கு; இன்னும் 35 செ.மீ. சேர்த்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிகிச்சை அறையின் சுவர்கள் கோட்டைச் சுவர் போலத் தடித்திருப்பது இதனால்தான். நேர்க்கற்றை விழும் சுவர்ப்பகுதி இரண்டு மீட்டர் அளவுக்கும் கட்டப்படுவதுண்டு. அதனால் வெளியே காத்திருப்போர் அமரும் இடத்தில் நீங்கள் அச்சமின்றி இருக்கலாம். பொதுமக்களுக்கு வகுக்கப்பட்ட ஆண்டு வரம்பான 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதவாறே சுவர்கள் திட்டமிடப்படுகின்றன.

நாங்கள் ஏன் வெளியே ஓடுகிறோம்?

“நல்லதுதான் என்கிறீர்கள், பிறகு எங்களைப் படுக்க வைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு போகிறீர்கள்?” நோயாளிகள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. இது நியாயமான கேள்வி. மழுப்பாமல் விடை சொல்லவேண்டியது எங்கள் கடமை.

ஒரு நாள் சிகிச்சையில் கட்டிக்குப் பெரும்பாலும் 2 கிரே அளவு கதிர் கொடுக்கப்படுகிறது. அப்போது உடலில் பட்டுச் சிதறும் கதிர், ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விழும். அஃதாவது சுமார் 2 மில்லிசீவர்ட். இது ஒரு முறைக்குப் பெரிய அளவன்று. ஆனால் பணியாளர் ஒருவர் ஓராண்டில் பெறத்தக்க சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். பத்து நோயாளிகளின் அருகில் நின்றால் ஓராண்டுக்குரிய அளவு முற்பகலுக்குள் முடிந்துவிடும். எங்கள் பணியோ முப்பது ஆண்டுகள் நீளக்கூடியது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உங்கள் உடலில் படும் கதிர் நோயை அழிக்கிறது. அதனால் உங்களுக்குப் பயன் இருக்கிறது. எங்கள் மேல் படும் கதிரால் எவருக்கும் பயன் இல்லை. பயன் இல்லாத கதிர் சிறிதாயினும் தவிர்க்கப்படவேண்டும் என்பது கதிர்வீச்சுப் பாதுகாப்பின் அடிப்படை அறம். உடனிருப்போரை உள்ளே அனுமதிக்காததற்கும் இதுவே காரணம். குழந்தை நோயாளியின் தாயும் வெளியேதான் நிற்கவேண்டும். ஆனால் ஒலிபெருக்கி வழியாக அவர் குரல் உள்ளே செல்லும்; திரையில் குழந்தையை அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆகவே நாங்கள் விலகுவது கதிர்க்கற்றையை விட்டே. உங்களை விட்டு அன்று. கற்றை நின்றதும் முதலில் உள்ளே வந்து உங்கள் கையைப் பிடித்து எழுப்புவதும் நாங்களே.

வரம்புகள் எங்கிருந்து வந்தன?

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதனைக் கையாண்டோரின் கைகள் புண்பட்டன. எடிசனின் உதவியாளராக எக்ஸ் கதிர் ஆய்வில் ஈடுபட்ட கிளாரன்ஸ் டாலி, இரு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். கதிர்வீச்சுப் பணியில் உயிர் துறந்தோருக்காக 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. முதல் வகுப்பில் அத்தூணின் படத்தைக் கண்டபோது, எங்கள் பாடநூலின் ஒவ்வொரு விதியும் எவரோ ஒருவரின் துன்பத்திலிருந்து எழுதப்பட்டது என்று உணர்ந்தோம்.

1928-இல் பன்னாட்டளவில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு அமைந்தது. இந்தியாவில் 1983 நவம்பர் 15 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நிறுவப்பட்டது. அதன் அனுமதி இன்றி எந்த மருத்துவமனையும் சிகிச்சைக் கருவியை இயக்க இயலாது. ஒவ்வொரு கதிர்வீச்சுத் துறையிலும் தகுதி பெற்ற பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். தமிழகத்தில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்ட காலத்தில், கதிர்வீச்சுச் சிகிச்சை கிடைத்த இடங்கள் மிகச் சில. இன்று வேலூர், காஞ்சிபுரம், புதுச்சேரி, சென்னை என அண்ணாமலையைச் சுற்றியுள்ள நகரங்களில் அது கிடைக்கிறது. நாங்கள் பயிலும் துறையும் அதனுடன் வளர்ந்திருக்கிறது.

எங்கள் சட்டையில் இருக்கும் பட்டை

மார்பருகே நாங்கள் அணிந்திருக்கும் சிறிய பட்டையைக் கண்டு, அது கதிரைத் தடுக்கும் தாயத்து என்று சிலர் எண்ணுகின்றனர். டி.எல்.டி. பேட்ஜ் எனப்படும் அது எதையும் தடுப்பதில்லை. எங்கள் மேல் பட்ட கதிரை அளந்து வைக்க மட்டுமே செய்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அது ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே அதிலுள்ள வில்லைகளைச் சூடாக்கினால், அவை பெற்ற கதிருக்கேற்ற ஒளியை வெளியிடும். அந்த ஒளியின் அளவே எங்கள் கணக்குப் புத்தகம்.

பயிற்சியின் தொடக்கத்தில் எங்களுள் ஒருவர் மேலங்கியைச் சிகிச்சை அறைக்குள் மாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார். பட்டை அதிலேயே இருந்தது. இரண்டு நோயாளிகளின் சிகிச்சை முடிந்தபின்னரே நினைவு வந்தது. அதை மறைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். அவர் உடனே பாதுகாப்பு அலுவலரிடம் சென்று சொன்னார். திட்டு எதிர்பார்த்தார், கிடைத்தது ஒரு படிவம். நடந்ததை நேரத்தோடு எழுதி வாங்கிக்கொண்ட அலுவலர், “சொன்ன தவறு பாடம், சொல்லாத தவறே விபத்து” என்றார். இது உங்களுக்கும் பொருந்தும். சிகிச்சையின்போது அசைந்துவிட்டாலோ, தோலில் வரைந்த குறி அழிந்துவிட்டாலோ, தயங்காமல் சொல்லுங்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

எப்போது விலகி இருக்கவேண்டும்?

எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே விடை இல்லை. வேறுபாட்டைக் கவனமாக அறிந்துகொள்ளவேண்டும்.

வெளிக்கதிர்ச் சிகிச்சை: விலகி இருக்கத் தேவையே இல்லை. சேர்ந்து உண்ணலாம், உறங்கலாம், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

குழாய் வழி உள்கதிர்ச் சிகிச்சை: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் தரப்படுவது. அரிசிமணியினும் சிறிய இரிடியம்-192 மூலம் கம்பி முனையில் உள்ளே சென்று, சில நிமிடங்களில் மீண்டும் கருவிக்கே திரும்பிவிடும். அது திரும்பியதைக் கதிர் அளவுமானியால் உறுதிசெய்த பின்னரே உங்களை வெளியே அழைத்துவருவோம். ஆகவே வீட்டில் விலகல் தேவையில்லை.

அயோடின்-131 மருந்து: தைராய்டு நோய்க்கு வாய்வழி தரப்படுவது. இதில் மூலமே உடலுக்குள் செல்கிறது. சிறுநீர், வியர்வை, எச்சில் வழியே வெளியேறுகிறது. எட்டு நாளில் பாதியாகும். இதைப் பெற்றவர் மருத்துவமனை எழுதித் தரும் காலம்வரை குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் கட்டாயம் விலகி இருக்கவேண்டும். தனிப்படுக்கை வேண்டும். கழிவறையைப் பயன்படுத்தியபின் இருமுறை தண்ணீர் விடவேண்டும். எந்தப் பாத்திரத்தைத் தனியே வைப்பது, எத்தனை நாள் என்பவற்றை அந்தத் தாளில் உள்ளபடியே பின்பற்றுங்கள்.

எலும்பு ஸ்கேன், பெட் ஸ்கேன்: சிறிதளவு கதிர்ப்பொருள் ஊசியில் செலுத்தப்படுகிறது. எலும்பு ஸ்கேனுக்குரிய டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிறது. மறுநாள் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். எத்தனை மணி நேரம் குழந்தைகளிடமிருந்து விலகி இருப்பது என்பதை ஸ்கேன் துறையில் கேட்டறியுங்கள்.

சில சிகிச்சைகளில் சிறு கதிர்மணிகள் உடலுக்குள்ளேயே நிலையாகப் பதிக்கப்படுவதும் உண்டு. அதற்குத் தனி அறிவுரை தரப்படும். ஐயமிருந்தால் நாங்கள் கற்ற அதே கேள்வியை மருத்துவரிடம் கேளுங்கள்: “மூலம் என் உடலுக்குள் தங்குகிறதா?”

பாதியில் நிறுத்துவதே பெரிய ஆபத்து

கதிர்வீச்சு எங்கும் இருக்கிறது. மண்ணிலும் வானிலும் உணவிலும் இருந்து, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. பெரிய கோயிலின் கருங்கல்லிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை மிகச் சிறிய அளவில் உள்ளன. அதற்கு அஞ்சி எவரும் கோயிலுக்குச் செல்லாமல் இருப்பதில்லை. அஞ்ச வேண்டியதும் இல்லை. அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சிகிச்சைக்கான அளவு பெரியது என்பது உண்மை. அதனால்தான் அது ஒரே நாளில் தரப்படாமல் 25 அல்லது 30 நாள்களாகப் பகுக்கப்படுகிறது. இடைவேளையில் நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. புற்றுச் செல்களால் அந்த அளவுக்கு இயலுவதில்லை. ஆனால் நாள்கள் தவறினால் புற்றுச் செல்களுக்கும் மீண்டும் பெருகக் காலம் கிடைத்துவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர், உள்கதிர் இரண்டையும் சேர்த்து எட்டு வாரங்களுக்குள் முடிக்கவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

தீபத் திருநாளிலும் பௌர்ணமி நாள்களிலும் திருவண்ணாமலையைச் சுற்றிப் பேருந்துகள் நெரிசலிலும் மாற்றுவழியிலும் தாமதமாவதை நாங்கள் அறிவோம். அந்நாளில் சிகிச்சை இருந்தால் ஒரு வாரம் முன்பே துறையில் சொல்லுங்கள். நேரத்தை மாற்றவோ முன்னாளே வந்து தங்கவோ வழி காணலாம். சொல்லாமல் விட்டுவிடுவது மட்டும் வேண்டாம்.

நினைவில் கொள்ள

1. நாள்தோறும் உங்கள் பெயரைக் கேட்பதும் படத்தோடு ஒப்பிடுவதும் பாதுகாப்பின் பகுதி. பழகிய முகமாயினும் பெயரைச் சொல்லுங்கள்.

2. தோலில் வரைந்த குறிகளைத் தேய்த்து அழிக்காதீர்கள். அவ்விடத்தில் எண்ணெய், மஞ்சள், திருநீறு எதையும் கேளாமல் பூசாதீர்கள்.

3. கற்றை இயங்கும்போது மூச்சு திணறினாலோ வலித்தாலோ கையை உயர்த்துங்கள். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள் உடனே கதிரை நிறுத்துவோம். கதவைத் திறந்தாலும் கதிர் தானே நின்றுவிடும்.

4. கருவுற்றிருந்தாலோ அவ்வாறு ஐயமிருந்தாலோ ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் முன்பே சொல்லுங்கள்.

5. மூவிதழ்க் கதிர்ச்சின்னம் உள்ள கதவுக்குள் அழைக்காமல் நுழையாதீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது அருகில் குழந்தைகளை விளையாடவிடாதீர்கள்.

அன்று விடைபெறும்போது அம்மூதாட்டி எங்களிடம் இன்னொரு முறை கேட்டார்: “நிச்சயமா, கண்ணு? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?” ஆகாது என்று மறுபடியும் சொன்னோம். மறுமுறை பரிசோதனைக்கு வந்தபோது பேரனையும் அழைத்து வந்திருந்தார். காத்திருப்போர் கூடத்தில் அக்குழந்தை அவர் மடியிலேயே உறங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் எவரேனும் தனித் தட்டில் உண்டுகொண்டிருந்தால், இவ்விதழை அவர்களுக்கும் மற்றவர்க்கும் படித்துக் காட்டுங்கள். அதன்பின்னும் ஐயம் எஞ்சினால் எங்களிடம் வந்து கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் விடை சொல்வோம்.